‘கெட்’ படுத்தும் பாடு: வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் ‘டேக்’ பற்றி எழுதியதும், அடுத்து ‘கெட்’ எழுதியே ஆக வேண்டும் என்று நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். வந்த கேள்விகளில் ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்து, இந்த முறை பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கிவிட்டேன். ஆங்கிலத்தில் பேச ஆசைப்படுகிறவர்களுக்கு இந்த ஒரு வினைச்சொல் கைவந்துவிட்டால் தயக்கம் பாதி போய்விடும் என்று உறுதியாக நம்புகிறேன், அதனால்தான் இவ்வளவு இடம்.

கேள்வி: அகராதியில் ‘கெட்’ என்று தேடினால் பெறு, வாங்கு, அடை, ஆகு, புரிந்துகொள், கொண்டு வா என்று போய்க்கொண்டே இருக்கிறது. எல்லாவற்றையும் மனப்பாடம் செய்யத்தான் வேண்டுமா? (கல்லூரி மாணவி, ஈரோடு)

பதில்: வேண்டவே வேண்டாம். கெட்டுக்கு அடுத்து என்ன வருகிறது என்று பாருங்கள், பொருள் அங்கேதான் இருக்கிறது. அடுத்து ஒரு பொருளின் பெயர் வந்தால் கிடைப்பது, வாங்குவது, கொண்டு வருவது: ‘ஐ காட் எ ஜாப்’ என்றால் வேலை கிடைத்துவிட்டது, ‘கெட் சம் மில்க்’ என்றால் பால் வாங்கிட்டு வா. அடுத்து ‘டயர்ட்’, ‘ஆங்க்ரி’, ‘ரெடி’ மாதிரி ஒரு நிலையைச் சொல்லும் சொல் வந்தால் அந்த நிலைக்கு ஆளாவது. ஓர் இடம் வந்தால் போய்ச் சேர்வது, ‘வி காட் ஹோம் லேட்’, வீடு வந்து சேர நேரமாகிவிட்டது. ‘ஸ்டக்’, ‘ஹர்ட்’ போன்றவை வந்தால் நம் ‘படு’, ‘மாட்டிக்கொள்’ வகை: ‘ஹி காட் ஹர்ட்’, அவனுக்கு அடிபட்டுவிட்டது. அடுத்து ஓர் ஆள், அவரைத் தொடர்ந்து ‘டு’ போட்டு ஒரு வினை வந்தால் பள்ளியில் படித்த பிறவினைதான், அவரைச் செய்ய வைப்பது.

இதில் ஒரே ஓர் இடத்தில் கவனம் வேண்டும். ‘ஆகு’ என்ற பொருள் ‘டயர்ட்’ போன்ற சொற்களோடு மட்டும்தான் வரும். ‘என் தம்பி டாக்டர் ஆனான்’ என்பதற்கு ‘மை பிரதர் காட் எ டாக்டர்’ என்று சொன்னால் தம்பிக்கு ஒரு டாக்டர் கிடைத்தார் அல்லது தம்பி போய் ஒரு டாக்டரை அழைத்து வந்தான் என்று அர்த்தமாகிவிடும். அங்கே ‘பிகேம்’தான் போட வேண்டும்.

கேள்வி: மனதுக்குள் வாக்கியம் ‘எனக்கு’ என்றுதான் தொடங்குகிறது. எனக்கு வேலை கிடைத்தது, எனக்குக் கோபம் வந்தது. ஆங்கிலத்தில் பேசும்போது அந்த ‘எனக்கு’ வந்து வழியை மறிக்கிறது. என்ன செய்வது? (தனியார் நிறுவன ஊழியர், சென்னை)

பதில்: வந்த கேள்விகளிலேயே எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான், ஏனென்றால் கெட் நமக்குச் சிக்கலாகத் தெரிவதற்கான காரணமே இங்கேதான் இருக்கிறது. உங்கள் வாக்கியங்களையே எடுத்துக்கொள்வோம். எனக்குக் கடிதம் வந்தது, எனக்கு வேலை கிடைத்தது, எனக்குக் காய்ச்சல் வந்தது, எனக்குக் கோபம் வந்தது, எனக்குப் புரிந்தது. தமிழில் இவற்றில் எழுவாய் யார்? கடிதம், வேலை, காய்ச்சல், கோபம். மனிதர் நான்காம் வேற்றுமையில், ‘கு’ உருபோடு நிற்கிறார். அந்தக் கடிதமும் காய்ச்சலும் அவரைத் தேடி வருகின்றன. ஆங்கிலம் இதே நிகழ்ச்சியில் ஆளை முன்னால் தள்ளி எழுவாயாக்கிவிடுகிறது: ‘ஐ காட் எ லெட்டர்’, ‘ஐ காட் எ ஜாப்’, ‘ஐ காட் எ ஃபீவர்’, ‘ஐ காட் ஆங்க்ரி’, ‘ஐ காட் இட்’. ஐந்துக்கும் ஒரே வினை.

ஆகவே தமிழ் வாக்கியத்தில் ‘எனக்கு’ என்று தொடங்கி ‘வந்தது’ அல்லது ‘கிடைத்தது’ என்று முடிந்தால், ‘ஐ காட்’ என்று வாயெடுத்துப் பாருங்கள், பெரும்பாலும் சரியாகவே வரும். எல்லா ‘எனக்கு’ம் இதில் அடங்காது. எனக்குத் தெரியும் என்பது ‘ஐ நோ’, எனக்குப் பிடிக்கும் என்பது ‘ஐ லைக்’. இவை இருக்கிற நிலையைச் சொல்கின்றன, கெட்டோ மாற்றத்தைச் சொல்கிற சொல். ‘ஐ ஆம் ஹங்ரி’ என்றால் பசியோடு இருக்கிறேன், ‘ஐ ஆம் கெட்டிங் ஹங்ரி’ என்றால் பசி எடுக்க ஆரம்பித்துவிட்டது. ‘இட்ஸ் டார்க்’ என்றால் இருட்டாக இருக்கிறது, ‘இட்ஸ் கெட்டிங் டார்க்’ என்றால் இருட்டிக்கொண்டு வருகிறது. நம்முடைய அந்தக் ‘கொண்டு வருகிறது’ என்ன வேலை செய்கிறதோ அதே வேலையைத்தான் ‘கெட்டிங்’ செய்கிறது. நேரமாகிறது, ‘இட்ஸ் கெட்டிங் லேட்’. அம்மாவுக்கு உடம்பு தேறி வருகிறது, ‘ஷி இஸ் கெட்டிங் பெட்டர்’. வெயில் ஏறிக்கொண்டே போகிறது, ‘இட்ஸ் கெட்டிங் ஹாட்டர்’. சளி பிடிக்கிற மாதிரி இருக்கிறது என்பதற்கு ‘ஐ திங்க் ஐ ஆம் கெட்டிங் எ கோல்ட்’, அப்படியே ஆங்கிலேயர் சொல்வதுதான். அந்த ‘எ’ மட்டும் விட்டுப்போக வேண்டாம். இலக்கணப் புத்தகத்தில் மூன்றாம் வகை, நான்காம் வகை என்று பிரித்து அட்டவணை போட்டிருப்பதைவிட, நம் வீட்டில் தினமும் பேசுகிற இந்த வாக்கியங்களைத் திருப்பிப் பார்ப்பது பல மடங்கு பலன் தரும். ஒரு வாரம் முயன்று பாருங்கள்.

கேள்வி: வெளிநாட்டில் இருக்கும் பேத்தியிடம் ‘ஐ கட் மை ஹேர்’ என்றேன். ‘நீங்களேவா பாட்டி?’ என்று கேட்கிறாள். அவள் ஏன் அப்படிக் கேட்டாள்? (குடும்பத் தலைவி, மதுரை)

பதில்: பேத்தி கேட்டது நியாயம்தான் அம்மா. ‘முடி வெட்டிக்கொண்டேன்’ என்று தமிழில் சொல்லும்போது கத்தரிக்கோல் யார் கையில் இருந்தது என்று நாம் சொல்வதில்லை, கேட்பவரும் அதைப் பொருட்படுத்துவதில்லை. ஆங்கிலத்தில் ‘ஐ கட் மை ஹேர்’ என்றால் கண்ணாடி முன்னால் நின்று நீங்களே வெட்டிக்கொண்டதாகத்தான் புரிந்துகொள்வார்கள். வேறொருவர் கையால் செய்வித்தது என்றால் ‘ஐ காட் மை ஹேர் கட்’. முதலில் காட், நடுவில் பொருள், கடைசியில் வினையின் மூன்றாம் வடிவம். இந்த வரிசை மாறக் கூடாது, ‘ஐ காட் கட் மை ஹேர்’ என்று சொன்னால் வாக்கியமே நிற்காது.

இது முடியோடு நிற்கவில்லை. நாம் பல் பிடுங்கினேன், ரத்தம் டெஸ்ட் பண்ணினேன், வீட்டுக்குப் பெயிண்ட் அடித்தேன், ஜாக்கெட் தைத்தேன் என்று சாதாரணமாகச் சொல்லிவிடுகிறோம். ‘ஐ புல்ட் எ டூத்’ என்று ஒருவர் சொன்னால் இவர் பல் டாக்டர் போலிருக்கிறது என்று எதிரே இருப்பவர் நினைத்துக்கொள்வார். ‘ஐ காட் எ டூத் புல்ட்’, ‘ஐ காட் மை பிளட் டெஸ்டட்’, ‘வி காட் தி ஹவுஸ் பெயிண்டட்’, எல்லாம் ஒரே அச்சு. வீடு கட்டுவதற்கு மட்டும் கொஞ்சம் சலுகை உண்டு: கொத்தனாரும் சித்தாளும் கட்டியிருந்தாலும் ‘வி பில்ட் எ ஹவுஸ்’ என்று உரிமையாளர் சொல்வதை ஆங்கிலம் ஏற்றுக்கொள்கிறது. அப்புறம், காட் இருக்கும் இடத்தில் ‘ஹேட்’ போட்டாலும் இங்கே பொருள் மாறாது, சற்றுக் கூடுதல் பண்பாக ஒலிக்கும், அவ்வளவுதான்.

இதையே அலுவலகத்துக்குக் கொண்டு போனால் ஒரு நுட்பம் இருக்கிறது. ‘கெட் திஸ் சைன்ட்’ என்றால் இதில் கையெழுத்து வாங்கி வா, யார் போட்டால் என்ன, வேலை முடிய வேண்டும். ‘கெட் ஹிம் டு சைன் திஸ்’ என்றால் அவரைப் பிடித்து, பேசி, சம்மதிக்க வைத்துக் கையெழுத்துப் போட வை. அவர் உடனே போட்டுவிடுவாரா என்று சந்தேகம் இருப்பது இரண்டாவதில் லேசாகத் தெரியும். அந்த ‘டு’ கெட்டுக்கு அவசியம். அதே இடத்தில் ‘மேக்’, ‘ஹேவ்’ வந்தால் ‘டு’ வராது: ‘மேக் ஹிம் சைன்’, ‘ஹேவ் ஹிம் சைன்’. நன்றாகப் படித்தவர்களே தடுக்கி விழும் இடம் இது.

கேள்வி: பஸ்ஸிலிருந்து இறங்குவதற்கு ‘கெட் டவுன்’ என்று சொல்வது தவறு என்று என் மகனின் ஆசிரியர் சொன்னாராம். காலம்காலமாக அப்படித்தானே சொல்கிறோம்? (அரசு ஊழியர், திருச்சி)

பதில்: இந்தியா முழுக்கப் புழங்குகிற, எல்லாருக்கும் புரிகிற ஒரு பிரயோகத்தைத் தவறு என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. இது இந்திய ஆங்கிலம், இங்கே தாராளமாகச் சொல்லலாம். பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் பஸ், ரயில், விமானம் என்றால் ‘கெட் ஆஃப்’ என்பார்கள், தேர்விலும் அதையே எழுதட்டும். ஏணியிலிருந்தோ மரத்திலிருந்தோ இறங்குவதற்கு அவர்களும் ‘கெட் டவுன்’தான் சொல்கிறார்கள். சாப்பிட்டு முடித்த ஆங்கிலேயக் குழந்தை மேசையை விட்டு எழுந்து போக ‘மே ஐ கெட் டவுன்?’ என்று அனுமதி கேட்கும். லண்டன் சுரங்க ரயிலில் ‘அலைட் ஹியர்’ என்று அறிவிப்பு வரும், ஆனால் பயணிகள் தங்களுக்குள் பேசும்போது அந்தச் சொல்லைப் பயன்படுத்துவதில்லை.

ஏறுவதற்கு ‘கெட் ஆன்’, ‘கெட் இன்’ என்று இரண்டு இருப்பது ஏன் என்றும் சிலர் கேட்டிருக்கிறீர்கள். உள்ளே போய் நிமிர்ந்து நிற்கலாம், நடக்கலாம் என்றால் ‘ஆன்’, அதாவது பஸ், ரயில், கப்பல், விமானம். குனிந்து நுழைந்து உட்கார மட்டும் முடியும் என்றால் ‘இன்’, அதாவது கார், டாக்சி, நம் ஆட்டோ. காலைப் போட்டு உட்காரும் சைக்கிள், பைக், குதிரைக்கும் ‘ஆன்’தான். ‘ஆன்’ என்று ஏறினால் ‘ஆஃப்’ என்று இறங்க வேண்டும், ‘இன்’ என்று ஏறினால் ‘அவுட் ஆஃப்’. காரிலிருந்து ‘கெட் ஆஃப்’ செய்ய முடியாது.

கேள்வி: ‘ஐ ஹேவ் எ கார்’, ‘ஐ ஹேவ் காட் எ கார்’, ‘ஐ காட் எ கார்’. மூன்றும் ஒன்றா? (வாசகர், நாகர்கோவில்)

பதில்: முதல் இரண்டும் ஒன்று, என்னிடம் கார் இருக்கிறது. ‘ஹேவ் காட்’ பேச்சு வழக்கு, பிரிட்டனில் அதிகம் கேட்கலாம். மூன்றாவது, கார் வாங்கினேன் அல்லது கார் கிடைத்தது. அமெரிக்கர்கள் வேகமாகப் பேசும்போது ‘ஹேவ்’ தேய்ந்துபோய் ‘ஐ காட் எ கார்’ என்றே ‘இருக்கிறது’ என்ற பொருளிலும் சொல்லிவிடுவார்கள், அதை இடம் பார்த்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும்.

இதைவிட முக்கியமான ஒரு ஜோடி இருக்கிறது. ‘ஐவ் காட் டு மீட் ஹிம்’ என்றால் அவரை நான் சந்தித்தே ஆக வேண்டும். ‘ஐ காட் டு மீட் ஹிம்’ என்றால் அவரைச் சந்திக்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. காதில் விழும் வித்தியாசம் ஒரு சின்ன ‘வ்’ ஒலிதான், ஆனால் முன்னது இனிமேல் நடக்க வேண்டிய கட்டாயம், பின்னது நடந்து முடிந்த சந்தோஷம். நேர்முகத் தேர்வில் பழைய வேலையைப் பற்றிச் சொல்லும்போது ‘ஐ காட் டு வொர்க் வித் சீனியர் இன்ஜினியர்ஸ்’ என்று ஒருவர் சொன்னால், அந்த வாய்ப்பை அவர் மதிக்கிறார் என்பது தனியாகச் சொல்லாமலே எதிரே இருப்பவருக்குப் போய்ச் சேர்ந்துவிடும். நல்ல வாக்கியம் அது, எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ‘மை சிஸ்டர் காட் மேரேஜ்’ சரியா? (பிளஸ் டூ மாணவர், கடலூர்)

பதில்: இல்லை தம்பி. ‘காட் மேரிட்’. யாரைக் கல்யாணம் செய்துகொண்டார் என்று சொல்ல ‘டு’ போடு, ‘வித்’ வேண்டாம்.

கேள்வி: ஆங்கிலத்திலேயே அதிகப் பொருள் உள்ள சொல் கெட்தானா? (வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: இல்லை, அந்தப் பெருமை ‘ரன்’னுக்கு. ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் திருத்தப் பதிப்பில் ‘ரன்’ என்ற வினைக்கு மட்டும் 645 பொருள்கள் பிரித்துக் காட்டியிருக்கிறார்கள். 1989-ல் வந்த இரண்டாம் பதிப்பில் ‘செட்’ முன்னால் நின்றது, அதற்கு 430 பொருள்கள்.

கேள்வி: அமெரிக்காவில் இருக்கும் என் மகள் கெட்டின் மூன்றாம் வடிவத்தை ‘காட்டன்’ என்று எழுதுகிறாள். நாங்கள் படித்த கெட், காட், காட்தானே சரி? (ஓய்வுபெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்)

பதில்: இரண்டும் சரி ஐயா. உங்கள் மகள் எழுதுவதுதான் பழைய வடிவம் என்று சொன்னால் ஆச்சரியப்படுவீர்கள். ‘காட்டன்’ ஒரு காலத்தில் இங்கிலாந்திலேயே புழங்கியது, அங்கிருந்து குடியேறியவர்களோடு அமெரிக்காவுக்குப் போய் அங்கே நிலைத்துவிட்டது. பிரிட்டனில் பிறகு வழக்கொழிந்தாலும் ‘ஃபர்காட்டன்’ என்ற சொல்லிலும், முறைகேடாகச் சேர்த்த சொத்தைக் குறிக்கும் ‘இல் காட்டன்’ என்ற தொடரிலும் இன்றைக்கும் தங்கியிருக்கிறது. அமெரிக்கர்கள் இரண்டு வடிவத்தையும் வைத்துக்கொண்டு பொருளைப் பிரிக்கிறார்கள்: ‘ஐவ் காட் எ டிக்கெட்’ என்றால் டிக்கெட் கையில் இருக்கிறது, ‘ஐவ் காட்டன் எ டிக்கெட்’ என்றால் டிக்கெட் வாங்கியாகிவிட்டது. எனக்கு இது நல்ல வசதியாகத் தோன்றுகிறது, பிரிட்டிஷ் ஆங்கிலம் இதை இழந்தது ஒரு நஷ்டம்தான்.

நீங்கள் ஆசிரியர் என்பதால் இன்னும் கொஞ்சம் சொல்கிறேன். கெட் என்ற சொல்லே வடக்கேயிருந்து வந்தது. 793-ல் இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையோரம் இருந்த லிண்டிஸ்ஃபார்ன் மடத்தைத் தாக்கிய வைக்கிங்குகள் என்ற ஸ்காண்டிநேவியக் கடலோடிகள், அடுத்து வந்த நூற்றாண்டுகளில் இங்கிலாந்தின் வடக்கிலும் கிழக்கிலும் குடும்பம் குடும்பமாகக் குடியேறினார்கள். அவர்களுடைய நோர்ஸ் மொழியின் ‘கெட்டா’தான் கெட் ஆனது. பழைய ஆங்கிலத்திலும் அதற்கு ஓர் உறவுச் சொல் இருந்தது, ஆனால் தனியாக வராமல் பெரும்பாலும் முன்னொட்டோடு ஒட்டிக்கொண்டுதான் வந்தது, அப்படி மிஞ்சிய ஒன்றுதான் ‘ஃபர்கெட்’. கையில் இருந்ததை நழுவ விடுவது என்பதுதான் அதன் அடிப்படை, மறதிக்கு எவ்வளவு பொருத்தம்! சென்ற இதழில் பார்த்த ‘டேக்’, அப்புறம் ‘ஸ்கை’, ‘எக்’, ‘நைஃப்’, ‘விண்டோ’, ஏன், ‘தே’ என்கிற பிரதிப்பெயர் கூட அதே நோர்ஸ்காரர்கள் கொடுத்ததுதான். படையெடுத்து வந்தவர்களின் மொழியிலிருந்து சட்டமும் அரசாங்கமும் பற்றிய சொற்கள் வருவது வழக்கம், இங்கேயோ அன்றாடம் வாயில் வருகிற எளிய சொற்களே வந்து கலந்திருக்கின்றன. பக்கத்து வீட்டுக்காரர்களாக வாழ்ந்திருந்தால்தான் அது நடக்கும்.

கேள்வி: போனில் சரியாகக் கேட்காதபோது ‘ஐ டிட்ன்ட் கெட் யூ’ என்கிறேன். அமெரிக்க வாடிக்கையாளர் ஒருவர் குழம்பிவிட்டார். (கால் சென்டர் ஊழியர், சென்னை)

பதில்: ‘யூ’வை ‘தட்’ ஆக்கிவிடுங்கள், ‘சாரி, ஐ டிட்ன்ட் கெட் தட்’. நீங்கள் சொன்னது விளங்கவில்லை என்பது அது. கெட்டுக்கு அடுத்து ‘யூ’ வந்தால் ஆளையே புரியவில்லை என்பதுபோல ஆகிவிடும். ‘ஐ டோன்ட் கெட் யூ’ என்பது, நீ என்ன மாதிரி ஆள் என்றே புரியவில்லை என்று சலித்துக்கொள்ளும் தொனி. வாடிக்கையாளரிடம் அது வேண்டாம்.

கேள்வி: கட்டுரையில் கெட் எழுதினால் சிவப்பு மையால் அடிக்கிறார்கள். பேச்சில் இவ்வளவு பயன்படும் சொல் எழுத்தில் ஏன் கூடாது? (பொறியியல் மாணவி, சேலம்)

பதில்: கூடாது என்று ஒரு சட்டமும் இல்லை. விண்ணப்பம், ஆய்வேடு, அலுவலகக் கடிதம் இவற்றில் ‘ரிசீவ்’, ‘அப்டெய்ன்’, ‘பிகம்’ என்று துல்லியமான சொல் இருக்கும்போது அதைப் போடுவது வழக்கம். ‘வி ஹேவ் ரிசீவ்ட் யுவர் லெட்டர்’ என்று எழுதுவதில் ஒரு மரியாதை இருக்கிறது. ஆனால் இந்தப் பயம் அளவு மீறிப் போய், நண்பனுக்கு அனுப்பும் வாட்ஸ்அப் செய்தியில் கூட ‘ஐ ரிசீவ்ட் எ காஃபி’, ‘ஐ பிகேம் டயர்ட்’ என்று எழுதுகிற பிள்ளைகளைப் பார்க்கிறேன், வருத்தமாக இருக்கிறது. கெட்டைத் தவிர்க்கப் பழக்கிய நாம், அதை எங்கே பயன்படுத்த வேண்டும் என்று பழக்கவில்லை. முதலில் வாய் நிறையப் பேசட்டும், எழுத்துக்கான நறுக்குச் சொற்கள் பின்னால் வந்து சேரும்.

கேள்வி: கெட் அப், கெட் ஓவர், கெட் பை, கெட் அலாங்... பட்டியல் முடிவதே இல்லை. எப்படி நினைவில் வைப்பது? (இல்லத்தரசி, புதுச்சேரி)

பதில்: பட்டியலை மூடி வையுங்கள். ஒவ்வொன்றுக்கும் நாம் வீட்டில் சொல்கிற தமிழ்த் தொடரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் தானாக ஒட்டிக்கொள்ளும். ‘வாட் ஆர் யூ கெட்டிங் அட்?’ என்பது ‘இப்ப நீ என்னதான் சொல்ல வர்றே?’. மாமியாரும் மருமகளும் ஒத்துப்போகிறார்கள் என்றால் ‘தே கெட் அலாங்’. இந்தச் சம்பளத்தில் ஏதோ காலத்தை ஓட்டுகிறோம், ‘வி கெட் பை’. தப்பு செய்துவிட்டு மாட்டாமல் போய்விட்டான், ‘ஹி காட் அவே வித் இட்’. ‘ஷி இஸ் கெட்டிங் ஆன்’ என்றால் அவங்களுக்கும் வயசாகிட்டு வருது. ‘கெட் ஓவர்’ மட்டும் பார்த்துப் பயன்படுத்த வேண்டியது. நோயிலிருந்தோ துக்கத்திலிருந்தோ மீண்டு வருவதை அது குறிக்கும், நம்மைப் பற்றி நாமே சொல்லிக்கொள்ளலாம். துக்கத்தில் இருக்கும் ஒருவரிடம் போய் ‘கெட் ஓவர் இட்’ என்றால் ‘போதும், விட்டுத் தள்ளு’ என்பதுபோல முகத்தில் அடிக்கும். ஆறுதல் சொல்லப் போன இடத்தில் அந்தத் தொடர் வாயில் வரவே கூடாது.

கேள்வி: மகன் வீட்டுக்கு லண்டன் வந்திருக்கிறேன். கதவு மணி அடித்தால் மருமகள் ‘ஐ வில் கெட் இட்’ என்கிறாள். ஹோட்டலில் சாப்பிட்டு முடித்ததும் அவளுடைய தோழி ‘ஐ வில் கெட் திஸ்’ என்றாள். எதை எடுத்துக்கொள்கிறார்கள்? (வாசகி, லண்டனிலிருந்து)

பதில்: முதலாவது, நான் போய்க் கதவைத் திறக்கிறேன் என்பது. போன் அடித்தாலும் அதேதான், நான் எடுக்கிறேன். இரண்டாவது, பில்லை நான் கொடுக்கிறேன் என்பது. நம் ஊர் மாதிரி பில்லைப் பிடுங்கி மல்லுக்கட்ட வேண்டாம், ‘தேங்க்யூ, நெக்ஸ்ட் டைம் இட்ஸ் ஆன் மீ’ என்று சொல்லிவிட்டு, அடுத்த முறை பில் வரும்போது நீங்கள் முந்திக்கொண்டு ‘ஐ வில் கெட் திஸ்’ என்று சொல்லுங்கள்.